கடலோர விடுமுறை வீட்டுக்கு விறகடுப்பு: இறக்குமதியா, பட்டறையா, செங்கல்லா?

வெப்பமண்டலக் கடற்கரையில் உள்ள விடுமுறை வீட்டுக்கு விறகடுப்பு வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், முதலில் கண்ணில் படுவது குளிர்நாட்டு நிறுவனங்களின் படங்கள்தான். கறுப்பு வார்ப்பிரும்பு, கண்ணாடிக் கதவு, உள்ளே நிதானமாக எரியும் கட்டை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கடலோர ஊர்க் கடைகளில் கேட்டால் அப்படி ஒன்று இருக்காது. அதனால் விறகடுப்பே கிடைக்காது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது வெல்டிங் பட்டறையிலும், ஓட்டல் சமையல் சாமான் விற்கும் இடத்திலும், மண் வேலை செய்பவர்களிடமும் கிடைக்கிறது. கடலோரத்தில் வாங்க வேண்டியது வெளியில் வைத்துச் சமைக்கும் அடுப்பு, அதுவும் அந்த ஊரிலேயே பழுது பார்க்கக்கூடிய அடுப்பு என்பது என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இறக்குமதி செய்யும் வார்ப்பிரும்பு அடுப்பு ஓர் அறையைச் சூடாக்குவதற்காகச் செய்யப்பட்டது. 7 கிலோவாட் என்பது அவற்றில் சாதாரண அளவு. ஒரு டன் ஏசி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட். அதாவது, அந்த அடுப்பு எரிந்தால் இரண்டு ஏசி சேர்ந்து செய்யும் வேலை அப்படியே வீணாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் புகைபோக்கியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் சூடான புகைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம்தான் புகையை மேலே இழுக்கிறது. புகை 200 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால் எவ்வளவு இழுப்பு இருக்குமோ, வெளியே 32 டிகிரி ஆகும்போது அதில் சுமார் கால்பங்கு குறைந்துவிடும். குளிர்நாட்டுக் கணக்கில் வந்த குழாய் உயரம் இங்கே போதாமல் போவது இதனால்தான். ஏசி ஓடும் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். வெளியைவிட உள்ளே குளிர்ச்சியாக இருப்பதால், அடுப்பு மூட்டும் முன்பே குழாயில் காற்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தீ மூட்டியதும் புகை நேராக அறைக்குள் வரும்.

அப்புறம் உப்புக்காற்று. வார்ப்பிரும்பு வாரக்கணக்கில் சூடேறாமல் ஈரக் காற்றில் சும்மா நின்றால் துரு பிடிக்கும், விடுமுறை வீட்டில் அடுப்பு பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். கதவைச் சுற்றியுள்ள காப்புக் கயிறு, கண்ணாடி, உள்தட்டு என எது போனாலும் மறுபடி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். எடையோ பல மாடல்களில் 100 கிலோவைத் தாண்டும். தீவு என்றால் படகில் ஏற்றி இறக்கும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் வீட்டின் ஈரத்தைப் போக்க இது உதவும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 24 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 63 சதவீதம் அளவுக்கு இறங்கும். ஆனால் காற்றில் உள்ள நீர் எங்கும் போகவில்லை. அறை ஆறியதும் ஈரம் பழைய நிலைக்கே வந்துவிடும். ஈரம்தான் பிரச்சினை என்றால் ஈரநீக்கி இயந்திரம் வாங்குவது நல்லது.

இந்த அடுப்பு சரியாகப் பொருந்தும் இடம் மலை. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். கடற்கரையில் 30 டிகிரி இருக்கும்போது 2000 மீட்டர் உயரத்தில் 17 டிகிரிதான் இருக்கும், இரவில் அதைவிடக் குறையும். உங்கள் வீடு அந்த உயரத்தில் என்றால் இறக்குமதிச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

இனி சமைக்கும் அடுப்புகள். தொழிற்சாலையில் செய்து வரும் ராக்கெட் அடுப்பு, பெட்டியைப் பிரித்ததும் எரிக்கலாம். 1980களில் லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறை இது. எல் வடிவ எரிகூடம், அதைச் சுற்றி வெப்பம் வெளியே போகாத காப்பு, சுள்ளிகள் நுனி மட்டும் எரிய ஒரு தட்டு. தட்டுக்கு அடியில் காற்று புகுந்து தீக்குப் போகும். மூன்று கல் அடுப்பைவிட விறகு நன்றாகவே குறையும், புகையும் குறையும். ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்பது கடலோர வீட்டுக்குப் பெரிய வசதி. வாங்கும்போது சமையல் அடுப்புகளுக்கான சர்வதேசச் சோதனைத் தரமான ஐஎஸ்ஓ 19867-1 முறைப்படி சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். வெப்பத் திறன், நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். இதன் குறை ஒன்றே: எரிகூடத்தின் மெல்லிய தகடுதான் முதலில் உதிரும், அதை மட்டும் தனியாக மாற்ற முடியாத மாடல்கள் நிறைய.

மேலிருந்து பற்றவைக்கும் கேஸிஃபையர் அடுப்பு, அதாவது விறகிலிருந்து கிளம்பும் வாயுவை எரிக்கும் அடுப்பு, இன்னும் சுத்தமாக எரியும். ஆனால் ஒரே அளவில் நறுக்கிய காய்ந்த துண்டு வேண்டும், நடுவில் விறகு போட்டால் புகையும். மின்விசிறி உள்ள மாடலில் விசிறியை உப்புக்காற்று விட்டுவைக்காது. எரிந்து முடிந்ததும் மிஞ்சும் தணல் கார்பன் மோனாக்சைடு விடும் என்பதால் அதை மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. அடிக்கடி வந்து தங்கி, பொறுமையாகச் சமைப்பவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டறையில் சொல்லிச் செய்வது. வெப்பமண்டல ஊர்களில் கிரில் கதவும் படகுச் சாமானும் செய்யும் வெல்டர் அநேகமாக இருப்பார். ராக்கெட் அடுப்பின் படத்தைக் காட்டினால் செய்து தந்துவிடுவார். ஆனால் பொருளை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மீதமிருக்கும் ஜி.ஐ. தகட்டில் செய்ய விடாதீர்கள். அதன் மேல் பூசிய துத்தநாகம் 420 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும். வெல்டிங் வைக்கும்போதும் அடுப்பு பழுக்கும்போதும் வரும் துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல். சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) தகடு என்றால் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள். எவர்சில்வர் என்றால் 304 என்ற வகை கடலோரத்தில் பழுப்புக் கறை படியும். 316 வகையில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். முழு அடுப்பையும் 316-இல் செய்யத் தேவையில்லை. வெளிக்கூட்டுக்கு அது, உள்ளே தீ படும் இடத்துக்குத் தீ தாங்கும் செங்கல், இரண்டுக்கும் நடுவே சலித்த சாம்பலோ நர்சரியில் கிடைக்கும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளோ போதும். செங்கல் வெடித்தால் அந்த ஒரு செங்கல்லை மாற்றலாம். பாத்திரத்தைச் சுற்றி விரல் அகல இடைவெளி விட்டு ஒரு தகட்டு வளையமும் செய்யச் சொல்லுங்கள். சூடான காற்று பாத்திரத்தை ஒட்டியே மேலே போகும், விறகு மிச்சமாகும்.

விருந்தினர் கூட்டமாக வரும் வீடு என்றால் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டும் குவிமாட அடுப்பை யோசிக்கலாம். துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் நன்கு சூடேற ஓரிரு மணி நேரமும் அதற்கேற்ற விறகும் எடுக்கும், இரண்டு பேருக்குச் சமைக்க அது வீண். கட்டி முடித்ததும் பெரிய தீ போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி விரிசல் விடும். சில நாட்கள் சின்னத் தீயாகப் போட்டு உலர்த்த வேண்டும். மேலே கூரை இல்லாமல் விட்டால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இதே வேலைதான். நகர்த்தவும் முடியாது, ஆகவே வாடகை வீட்டுக்கு இது வேண்டாம்.

பழைய சாமான் சந்தையில் வீட்டைக் காலி செய்து போகிறவர்களின் அடுப்பு சில நேரம் நல்லதாகவே அகப்படும். ஒரு டார்ச் கொண்டுபோய் உள்தகட்டைப் பாருங்கள், கட்டை விரலால் அழுத்தினால் உதிர்கிறதா என்று பாருங்கள்.

எதை வாங்கினாலும் மேலே ஓலைக் கூரை இருந்தால் தீப்பொறி வலை மட்டும் போதாது, அடுப்பைக் கூரையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பணம் கொடுக்கும் முன்பே சங்க விதியையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துவிடுங்கள்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் விறகு சுத்தமாக எரியும். காற்றில் 80 சதவீத ஈரம் உள்ள ஊரிலும் மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கிய விறகு 16 சதவீதம் அளவுக்குக் காய்ந்துவிடும். கரையானுக்குப் பயந்து தரையிலிருந்து உயர்த்தி, வீட்டுச் சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கடல் ஒதுக்கிய கட்டை சும்மா கிடைக்கிறதே என்று எரிக்க வேண்டாம். அதில் ஊறிய உப்பிலிருந்து வரும் குளோரின் நச்சுப் புகையாகும், அடுப்பையும் அரிக்கும். பெயின்ட் அடித்த பழைய பலகை, மருந்து ஏற்றிய மரம், தோட்டத்தில் வெட்டிப் போட்ட அரளிக் கிளை, இவை மூன்றும் விறகுக் குவியலில் கலந்துவிடாமல் தோட்டக்காரரிடமும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.