ஆன்லைன் எம்பிஏ என்று 68,400 ரூபாய் போச்சு: திருப்பூர், கோவைப் பக்கம் இருப்பவர்கள் படித்துவிடுங்கள்

கொதிப்பு இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் டிகிரியில் சேர்த்துவிடுகிறோம் என்று திருப்பூரில் போர்டு வைத்திருக்கும் ஒரு கல்வி ஆலோசனை மையத்தில் 68,400 ரூபாயை விட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள், அதனால் பெயர் வேண்டாம். மாடிப்படி ஏறினால் கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கப் பல்கலைக்கழக லோகோக்கள், நடுவில் சிவப்பு எழுத்தில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அப்ரூவ்டு. அந்த ரகம்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், ஆர்டரை ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. கோவையில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் முடித்தவள். காலேஜ் மோசமில்லை, ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு காஸ்டிங் ஷீட்டைக்கூட (ஒரு துணிக்கு ஆகும் செலவுக் கணக்கு) கண்ணில் காட்டவில்லை, வேலைக்கு வந்து கற்றதுதான் எல்லாம். அடுத்த நிலைக்குப் போக எம்பிஏ கேட்கிறார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி வீடு வந்து சேரவே பத்தாகிவிடும், ரெகுலராகப் படிக்க வழியே இல்லை. அதனால் ஆன்லைன்.

கவுன்சலர் என்று உட்கார்ந்திருந்தவர் எடுத்ததும் கேட்டது, "நீங்க எந்த ஊருங்க?" காங்கயம் பக்கம் என்றேன். "அட, நம்ம பக்கந்தானுங்க. எங்க அம்மாயி ஊரு வெள்ளகோயிலுங்க" என்றார். கூட வந்த அம்மாவுக்கு டீ சொல்லி, "புள்ளயப் படிக்க வெக்கறீங்க பாருங்க, அதுதானுங்க பெருசு" என்றார். அம்மா அங்கேயே விழுந்துவிட்டார். ஆன்லைன் டிகிரிக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்டதற்கு, ரெகுலர் டிகிரிக்குச் சமம் என்று யூஜிசி 2022லேயே சொல்லிவிட்டதே என்று செல்போனில் அறிவிப்பை எடுத்துக் காட்டினார். அது நிஜமான அறிவிப்புதான், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் படிப்புக்குப் பொருந்தும். இவர்களுக்கு அதில் என்ன வேலை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

முன்பணம் 12,000. மீதியை மாதம் 4,700 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் போதுமுங்க, வட்டியே இல்லை என்றார். பல்கலைக்கழக ஐடி போட வேண்டும் என்று ஆதார், பான் கார்டு வாங்கினார், கையிலிருந்த டேபை (டேப்லெட்) திருப்பி என் முகத்தைப் படம் எடுத்தார். வந்த ஓடிபிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது போல, எல்லாம் அந்த டேபுக்குள்ளேயே முடிந்தது. திரை என் பக்கம் திரும்பவே இல்லை. அது தவணை இல்லை, கடன். ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் தனிநபர் கடன் எடுத்து, மொத்தப் பணத்தையும் மையத்தின் கணக்குக்குத் திருப்பி, என் சம்பளக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள்.

லைவ் கிளாஸ் என்றார்கள். ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில் கிளாஸ் எடுத்தவர், "எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள், லீவு முடிஞ்சு பார்ப்போம்" என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்! எப்போதோ பதிவு பண்ணியதை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சந்தேகம் கேட்கும் பெட்டியில் நான் டைப் பண்ணியதெல்லாம் யாருக்குப் போனதோ. செமஸ்டர் தேர்வு எப்போது என்று கேட்டால் "சர்வர் மாத்தறாங்க, அடுத்த வாரமுங்க". அடுத்த வாரம் கேட்டாலும் அதே சர்வர்.

அப்புறம், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்களோ அதற்கே மெயில் அனுப்பினேன். உங்கள் பெயரில் சேர்க்கை எதுவும் இல்லை, எங்களுக்கு முகவர்கள் கிடையாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. 68,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அங்கே போகவில்லை.

பதிலை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனால் வெள்ளகோயில்காரர் இல்லை. "அவரு கோயமுத்தூர் பிராஞ்சுக்கு மாறிட்டாருங்க." காந்திபுரம் பிராஞ்சில் கேட்டால், "திருப்பூர்ல கட்டினா திருப்பூர்லதானுங்க கேக்கோணும்." மேனேஜர் மீட்டிங்கில், மேனேஜர் வெளியூரில், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். கடைசியில் ஆள் சிக்கியபோது, "நீங்க கிளாஸ்ல லாகின் பண்ணியிருக்கீங்க, அதனால ரீஃபண்ட் கிடையாதுங்க. படிக்கற புள்ள இப்படிக் கோபப்படலாமுங்களா?" என்றார். பொங்கல் வாழ்த்து கேட்டதுக்கு 68,400 ரூபாயா என்று கேட்டேன். ஏசி ரிமோட்டை எடுத்து அழுத்தினார்.

ஃபைனான்ஸ் கம்பெனியோ, பணத்தை மையத்துக்குக் கொடுத்தாயிற்று, கிளாஸ் நடந்தால் என்ன நடக்காவிட்டால் என்ன, தவணை நின்றால் அபராதம் போட்டு சிபிலில் (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்ற பதிவு) ஏற்றிவிடுவோம் என்கிறார்கள். படிப்பு இல்லை, கடன் மட்டும் இருக்கிறது.

உருப்படியாக நாலு விஷயம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சேரும் முன் யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த வருஷம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். 2024லிருந்து ஆன்லைனிலோ தொலைநிலையிலோ சேர டெப் ஐடி (அதே தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் அடையாள எண்) கட்டாயம், அதை மாணவர்தான் உருவாக்க வேண்டும், எனக்கு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஃபீஸ் ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனிகள் இடையில் நின்று ஃபிரான்சைஸ் முறையில் டிகிரி நடத்தக்கூடாது என்று யூஜிசி 2022 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது. ஆன்லைன் நர்சிங் என்று போஸ்டர் இருந்தால் வாசலோடு திரும்பிவிடலாம், அதற்கு அனுமதியே கிடையாது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் நாமே நேராக விண்ணப்பிக்கலாம். ஓடிபி கேட்டால் மெசேஜை முழுக்கப் படியுங்கள், டேபை வாங்கிப் பாருங்கள்.

நான் நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதே மாதிரி கட்டியவர்கள் ரசீது, சாட், கிளாஸ் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். நான் சண்டை போட்ட மறுநாளே என் லாகினை முடக்கிவிட்டார்கள்.