ஜிடிபியைப் பைத்தானோடு பில்ட் பண்ணலாமா?

டெபியன், உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: புரோகிராமில் தப்பு எங்கே என்று தேட உதவும் குனு டீபக்கரான ஜிடிபியை (GDB) வழக்கம்போல ஆப்ட் என்ற இன்ஸ்டால் கட்டளை வழியாகப் போட்டாலே, அதற்குள் ஸ்கிரிப்ட் எழுத உதவும் பைத்தான் மொழியும் சேர்ந்துதான் வரும். கீழக்கரை, மண்டபம் பக்கம் சி++ எழுதும் பசங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது போதும், மேலே படிக்கவே வேண்டாம். புது வெர்ஷன் உடனே வேண்டும், சோர்ஸ் கோடை இறக்கி நானே பில்ட் பண்ணியே தீருவேன் என்பவர்கள் மட்டும் வாருங்கள்.

பொருள் எப்படி என்றால், அருமை. 2009இல் 7.0 வெர்ஷனில் பைத்தான் உள்ளே வந்த பிறகு ஜிடிபியின் முகமே மாறிவிட்டது. நான் எழுதுவது விசைப்படகில் வைக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கான புரோகிராம், கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் கத்தும். ஜிபிஎஸ் சிப் அட்சரேகையை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாகத் தருகிறது, அதையெல்லாம் ஒரு வெக்டரில், அதாவது சி++ பட்டியலில், போட்டு வைக்கிறேன். பைத்தான் இல்லாத ஜிடிபியில் அந்த வெக்டரைப் பிரிண்ட் பண்ணினால் ஸ்டார்ட், ஃபினிஷ் என்று வெறும் பாயின்டர் முகவரிகள்தான் வரும், அதை வைத்து என்ன செய்வது? பைத்தான் இருந்தால் நீளமும் உள்ளே இருக்கும் எண்களும் வரிசையாக வந்து நிற்கும். போதாததற்குப் பத்துப் பதினைந்து வரியில் ஒரு பிரிட்டி பிரின்டர், அதாவது மதிப்பைப் படிக்கிற மாதிரி காட்டும் ஸ்கிரிப்ட், எழுதிவிட்டேன். இப்போது 92880000 என்பது 9.288 வடக்கு என்று தெரிகிறது, சரி, ராமேஸ்வரத்துப் பக்கம்தான் நிற்கிறோம்.

பில்ட்தான் பிரச்சினை. பில்டுக்கு முன்னால் சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் பைத்தானைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 'ஆட்டோ' என்று எடுத்துக்கொள்கிறது, அதாவது கிடைத்தால் சேர்க்கும், கிடைக்காவிட்டால் ஒரு எச்சரிக்கை வரியைப் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வரியும் மேல்மட்டக் கான்ஃபிகரில் வராது, கம்பைல் பண்ணும் மேக் கட்டளை ஓடும்போது ஜிடிபி ஃபோல்டருக்கான கான்ஃபிகர் தனியாக ஓடும், அப்போதுதான் ஆயிரம் வரிக்கு நடுவே வந்து மறையும். எல்லாம் முடிந்து திறந்து பார்த்தால் இந்த ஜிடிபியில் பைத்தான் ஸ்கிரிப்டிங் இல்லை என்று கையை விரிக்கும். பழைய லேப்டாப், நடுவில் கரண்ட் வேறு போய்ப் போய் வரும் ஊர், கடுப்பாகாமல் என்ன செய்யும்? அதனால் வித்-பைத்தான் ஆப்ஷனை வெளிப்படையாகக் கொடுத்து, பைத்தான்3 எக்ஸிகியூட்டபிளின் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். ஏதாவது குறைந்தால் எர்ரர் சொல்லி அங்கேயே நின்றுவிடும். குறைவது பெரும்பாலும் பைத்தான்3-டெவ் பேக்கேஜ்தான். டெர்மினலில் பைத்தான் ஓடுகிறதே என்று வாதாடிப் பயனில்லை, பில்டுக்குத் தேவை பைத்தானின் ஹெடர் ஃபைல்கள், அவை அந்த டெவ் பேக்கேஜில்தான் இருக்கின்றன.

இன்ஸ்டால் பண்ணாமல் பில்ட் ஃபோல்டரிலிருந்தே ஓட்டுபவர்கள் ஜிடிபியின் துணை ஃபைல்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் டேட்டா-டைரக்டரி ஆப்ஷனையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜிடிபியின் பைத்தான் மாட்யூலே கிடைக்கவில்லை என்று முனகும். அப்புறம், பில்ட் பண்ணியது பைத்தானின் லைப்ரரியான லிப்பைத்தான் 3.11ஓடு என்றால் அந்த நம்பரோடு கட்டுண்டது. பின்னால் சிஸ்டத்தை அப்கிரேட் பண்ணி அந்த லைப்ரரி போய்விட்டால் ஜிடிபி திறக்கவே திறக்காது, மறுபடி பில்ட்தான்.

ஸ்கீம் என்ற மொழி தெரிந்தவர்களுக்கு, ஜிடிபியில் அதை ஓட்டும் கைல் லைப்ரரியும் 2014இலிருந்து உண்டு, ஆனால் நம் வேலைக்கு வேண்டிய பிரின்டர்கள் எல்லாம் பைத்தானில்தான் கிடைக்கின்றன.

ராஸ்ப்பெரி பை மாதிரிச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்காக ஜிடிபியை லேப்டாப்பிலேயே கிராஸ்-கம்பைல் பண்ணப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பில்ட் நேரத்தில் அது உங்கள் லேப்டாப் பைத்தானிடம்தான் விவரம் கேட்கும், பதிலெல்லாம் தப்பாக வரும். பெட்டிக்குள், லேப்டாப் ஜிடிபி சொல்வதை அங்கே செய்யும் ஜிடிபி-சர்வரை மட்டும் வையுங்கள், அதற்குப் பைத்தான் தேவையே இல்லை. லேப்டாப்பில், வேறு வகைப் பிராசஸர்களையும் புரிந்துகொள்ளும் ஜிடிபி-மல்டிஆர்க்கைப் போட்டு, பெட்டியோடு இணைக்கும் டார்கெட் ரிமோட் கட்டளையைக் கொடுத்தால் பிரின்டர் எல்லாம் இந்தப் பக்கத்திலேயே வேலை செய்யும்.