வார் மிருதங்கமா, போல்ட் மிருதங்கமா?

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் வாசிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. வார் என்றால் இரு பக்கத் தோலையும் தோல் வாரால் இழுத்துக் கட்டியது; போல்ட் என்றால் போல்ட் முறுக்கி இறுக்குவது.

சுருதி: மலை ஈரத்தில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும், இரண்டுக்கும் இது பொது. ஆனால் வார் மிருதங்கத்தில் வாரும் தோல்தானே, அதுவும் சேர்ந்து தொய்யும். ஐப்பசி மழையில் ஒரு கோயில் கச்சேரி. தம்புரா ஓடிக்கொண்டிருக்க, கல்லும் கட்டையுமாக வலந்தலையை, அதாவது வலது பக்கத்தை, சுற்றித் தட்டிச் சுருதி சேர்த்தபடியே கால் மணி நேரம் போயிற்று. பாடகர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். போல்ட் என்றால் ஸ்பேனரை நாலு திருகு, முடிந்தது.

பழுது: வாரை இழுத்துக் கட்ட நான் கோயம்புத்தூர் இறங்குகிறேன். போல்டில் மூட்டு, அதாவது வாயை மூடும் தோல், கிழிந்தால் வீட்டிலேயே மாற்றலாம்.

எடை: போல்ட் கனம். பஸ்ஸில் தூக்கிப் போகிறவருக்குத் தெரியும்.

நாதம்: இங்கேதான் வார் ஜெயிக்கிறது. தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், ரவை அப்பி ஒரு கும்கி (கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் குழைந்த ஒலி) கொடுத்துப் பாருங்கள், அந்தக் குழைவு போல்டில் என் காதுக்குக் கிடைக்கவில்லை.

தினசரி சாதகம், பள்ளி விழா, பஜனை என்றால் போல்ட். ரெக்கார்டிங், சபா மேடை என்றால் வார்தான். அதற்கு முந்தைய நாளே சமவெளிக்கு இறங்கிவிடுங்கள்.