மீன் தொட்டி மோட்டார் ஓடவில்லையா? தூக்கிப் போடுவதற்கு முன்

மூன்றடித் தொட்டி, சில கோல்ட்ஃபிஷ், அம்பத்தூர் போர் தண்ணீர். இந்தக் கூட்டணியில், தண்ணீருக்குள் மூழ்கியபடியே ஃபில்டருக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு 18 வாட் சப்மெர்சிபிள் மோட்டார் 2019-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கொளத்தூரில் வாங்கியது. "இது அவ்வளவுதான், செத்துப்போச்சு" என்று வீட்டில் பலமுறை தீர்ப்பு வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பிழைத்துவிட்டது. அதற்காக மோட்டார் பெரிய உசத்தி என்று சொல்ல மாட்டேன். இந்த வகையில் கெட்டுப்போவதற்கு உள்ளே இருப்பதே இரண்டு மூன்று சாமான்தான், அதிலும் காயில் (கரண்ட் ஓடும் கம்பிச் சுருள்) கெட்டுப்போவது கடைசியில்தான்.

காயிலை ரெசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். தண்ணீரும் போகாது, நம் ஸ்க்ரூ டிரைவரும் போகாது. அதற்கு நடுவில் ஒரு குழி. குழிக்குள் மெல்லிய பீங்கான் ஷாஃப்ட், அதில் சுற்றும் உருளைக் காந்தம், காந்தத்தின் தலையில் விசிறி. ஷாஃப்ட்டின் முனைகளில் குட்டி ரப்பர் புஷ். அவ்வளவுதான். பேரிங் கிடையாது, கார்பன் பிரஷ் கிடையாது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அந்தக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். லோ வோல்டேஜ் வந்தாலும் வேகம் குறையாது. ஓடினால் அதே வேகத்தில் ஓடும், முடியாவிட்டால் நின்றுவிடும். அதனால் தண்ணீர் வரத்து நாளுக்கு நாள் குறைகிறது என்றால் கரண்டைத் திட்டிப் பயனில்லை. ஸ்பாஞ்சையும் டியூபையும் பாருங்கள், அடைப்பு அங்கேதான் இருக்கும்.

மோட்டார் என்ன சொல்கிறது என்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உறுமுகிறது ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் காந்தம் சிக்கியிருக்கிறது. சின்ன நத்தை ஓடு, மணல், செடியின் நார், உப்பு என்று ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். கடகடவென்று சத்தம் வந்தால் புஷ் தேய்ந்திருக்கும் அல்லது ஷாஃப்ட் உடைந்திருக்கும். களக் களக்கென்று வந்தால் காற்று இழுக்கிறது. கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும்போது இது சகஜம், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சரி. சத்தமே இல்லை, தொட்டால் அதிர்வும் இல்லை என்றால் அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். கரண்ட் வருகிறது, மோட்டார் மட்டும் மௌனம் என்றால் வயரோ காயிலோ போயிருக்கிறது. அதற்கு மேல் செலவழிக்க அதில் ஒன்றுமில்லை.

எனக்கு அதிகம் வந்தது முதல் ரகம்தான், அதுவும் கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரத்தில். இந்த மோட்டாருக்குத் தொடக்க இழுவை மிகக் குறைவு. ஸ்விட்ச் போட்டதும் காந்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு நொடி துடிக்கும், பிறகு ஏதாவது ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு ஓடும். அந்தத் துடிப்புக்கு இடம் வேண்டும் என்றே விசிறியைக் காந்தத்தோடு இறுக்கமாகப் பொருத்தாமல் கொஞ்சம் லொடலொடவென்று விட்டிருப்பார்கள். கையில் எடுத்துத் திருப்பினால் விசிறி கொஞ்ச தூரம் சும்மா சுற்றி, அப்புறம்தான் காந்தத்தைப் பிடிக்கும். அதைப் பழுது என்று நினைத்து என் பக்கத்து வீட்டுக்காரர் ஃபெவிக்விக் விட்டு ஒட்டினார். அதற்குப் பிறகு அது உறுமியதே தவிர ஓடவில்லை. அந்த லொடலொடப்பு இருக்கும் இடத்தில் பச்சைப் பாசியும் சுண்ணாம்பும் சேர்ந்தாலும் இதே கதைதான். ஓடிக்கொண்டே இருக்கும்வரை தெரியாது, ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்பாது.

கழுவும் முறை. பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. முன்மூடியைத் திருகிக் கழற்றி, விசிறியை நகத்தால் நேராக இழுங்கள். காந்தப் பிடிப்பு இருப்பதால் முதலில் வர மறுக்கும், பிறகு பொளக்கென்று வரும். கட்டிங் பிளேயர் வைத்துச் சாய்த்து இழுத்தால் பீங்கான் ஷாஃப்ட் ஒடியும். எங்கள் தண்ணீரில் காந்தத்தின் மேல் வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு தோல் படிந்திருக்கும். பாதி வெனிகர், பாதி தண்ணீர் கலந்து அதில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். ஒரு மணி நேரம் ஊறியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, குழிக்குள் இயர் பட்ஸ் விட்டுச் சுற்றினால் போதும். சோப்பு கூடவே கூடாது. பாத்ரூம் ஆசிட் வேண்டாம், காந்தமே பொரிந்துவிடும். ஷாஃப்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். இதற்குத் தண்ணீர்தான் எண்ணெய், தண்ணீர்தான் கூலிங். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடவிட்டால் காயில் சூடேறி உண்மையிலேயே செத்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்ததால் மீன்கள் தப்பின. கரண்ட் வந்ததும் எல்லோரும் சட்டென்று ஃபில்டரைப் போட்டார்கள், அங்கேதான் சிலருக்குச் சிக்கல் வந்தது. நின்றுபோன ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா சாகத் தொடங்கும், உள்ளே தேங்கிய தண்ணீர் நாறும். மோட்டார் ஓடிய முதல் நிமிடத்தில் அவ்வளவும் தொட்டிக்குள் கொட்டும். நான் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசியபின்தான் ஓடவிட்டேன். மோட்டார் வழக்கம்போல உறுமிக்கொண்டு நின்றது, வெனிகர் குளியலுக்குப் பிறகு கிளம்பியது. இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்களுக்கு: ஸ்கொயர் வேவ் என்றால் உறுமலும் கூடும், சூடும் கூடும். சைன் வேவ் என்றால் தொந்தரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கருணை காட்டக் கூடாது. வயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் வெடிப்பு, ரெசின் உப்பியிருப்பது, தண்ணீரில் விரல் வைத்தால் சுரீர். இதில் எது இருந்தாலும் தூர எறியுங்கள், இன்சுலேஷன் டேப் சுற்றித் தண்ணீருக்குள் விடாதீர்கள். தொட்டி இருக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருப்பது நல்லது. வயரை பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வயர் வழியாக வழியும் தண்ணீர் பாயின்ட்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

உதிரிப் பாகம் விஷயத்தில்தான் எனக்குக் குறை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் திறந்துகூடப் பார்க்காமல், "காயில் போயிடுச்சுண்ணா, புதுசு எடுத்துக்கோங்க" என்கிறார்கள். ஒருமுறை எனக்கு அப்படிச் சொன்னபோது ஒடிந்திருந்தது ஷாஃப்ட் மட்டும். நாலு கடை தள்ளி இம்பெல்லர் செட் (காந்தம், விசிறி, ஷாஃப்ட் சேர்ந்தது) கிடைத்தது, அதைப் போட்டதும் ஓடியது. வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் காந்தத்தின் நீளமும் பருமனும் மாடலுக்கு மாடல் மாறும்.

கரண்ட் செலவு: 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 26 யூனிட். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு, தண்ணீரை மேலே ஏற்றாதபோது வருவது. தொட்டிக்கு மேலே வைக்கும் டாப் ஃபில்டர் வரை ஏறும்போது நன்றாகவே குறையும். அதைக் கணக்கில் வைத்துத்தான் வாங்க வேண்டும், தொட்டியின் கொள்ளளவைப்போல மணிக்கு நாலைந்து மடங்கு தண்ணீர் நிஜமாக விழுந்தால் கோல்ட்ஃபிஷ்ஷுக்குப் போதும். மோட்டாரின் சூடு முழுக்கத் தண்ணீருக்குள்தான் இறங்குகிறது, சென்னை மே மாதத்தில் தேவைக்கு மேல் பெரிய மோட்டார் வேண்டாம்.

சக்ஷன் கப் நாலும் கல்லாகிவிட்டதால் இப்போது மோட்டார் தொட்டியின் அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது கேட்ட அதிர்வுச் சத்தம் அதனால் நின்றது. இதே மாடலைத் திரும்ப வாங்குவேன், ஆனால் இம்பெல்லர் செட்டையும் அன்றைக்கே சேர்த்து எடுத்து வைத்துக்கொள்வேன்.