ஐஸ் தண்ணீரில் 85 டிகிரி: வகுப்பறை டேட்டா லாகருடன் சில ஆண்டுகள்

"விலை இறங்கியிருக்கிறதாம், எங்கள் பள்ளிக்கு வாங்கலாமா?" என்று தண்டையார்பேட்டையில் அறிவியல் எடுக்கும் தோழி கேட்டார். அவர் கேட்டது டேட்டா லாகரை, அதாவது சென்சார் அளப்பதைப் பதிந்து திரையில் கோடாக வரையும் பெட்டியை. கேட்ட நேரம் சரியில்லை. அன்றுதான் ரிச்சி தெருவில் அந்தக் கருவியைப் பழுதுபார்த்து வாங்கி வந்திருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளுறை வெப்பம் நடத்திய அன்று, காசிமேட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன் தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸ் கொண்டுவந்தான். பீக்கரில் கொட்டி, வெப்பநிலை சென்சாரைச் செருகி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தோம். திரையில் கோடு பூஜ்ஜியத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. விளக்கு எரிகிறது, கோடு அசையவில்லை. "டீச்சர், மறுபடியும் கெட்டுவிட்டது!" பின்வரிசையில் ஒரே சிரிப்பு. கடைசித் துண்டு கரைந்ததும் கோடு மெல்லத் தலைதூக்கியது. சிரிப்பு நின்றது. ஒரு கிராம் பனிக்கட்டி, வெப்பநிலை ஏறாமல் வெறுமனே உருகுவதற்கே 334 ஜூல் விழுங்குகிறது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், யாரும் பொருட்படுத்தியதில்லை. "அதனால்தான் ஐஸ் இருக்கும்வரை மீன் கெடுவதில்லையா?" என்றான் ஐஸ் கொண்டுவந்தவன்.

பிள்ளைகள் சிரித்ததற்கும் காரணம் உண்டு. எங்கள் பள்ளி திருவொற்றியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது, சென்சார் செருகும் முனைகள் எம்மாத்திரம்? மழைக்காலம் முடிவதற்குள் களிம்பேறிப் பச்சை பூத்துவிடும். பிறகுதான் கூத்து. ஐஸ் தண்ணீரில் நிற்கும் சென்சார் திடீரென்று 85 டிகிரி காட்டும். 84 இல்லை, 86 இல்லை, சரியாக 85. உள்ளே இருப்பது டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை அளக்கும் சில்லு. களிம்பேறிய முனையில் மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தால், புதிதாக அளந்து முடிக்கும்வரை அதன் நினைவில் நிற்பது அந்த 85தான். அளக்க முக்கால் நொடி வரை ஆகும். அதற்குள் லாகர் அவசரப்பட்டுப் படித்து அதையே வரைந்துவிடுகிறது. அந்த எண்ணை ஒதுக்க மென்பொருளில் ஒரு சிறு திருத்தம் போதும். விற்றவர்களோ ஒவ்வொரு முறையும் "சென்சாரை மாற்றுங்கள்" என்று விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள். ரிச்சி தெருக் கடைக்காரர் பிரஷை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்து நாலு தேய் தேய்த்தார், சரியாகிவிட்டது. கோபம் வருமா, வராதா?

நியாயமாகப் பார்த்தால், இந்தக் கடற்கரைக் காற்றை நினைத்து யார் பொருள் தயாரிக்கிறார்கள்? ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடிய டப்பாவில் வைத்தால் ஓரளவு தாங்குகிறது. அமிலத்தன்மை அளக்கும் பிஎச் சென்சார் பேச்சே வேண்டாம். அதன் கண்ணாடிக் குமிழ் எப்போதும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊற வேண்டும். ஒரு கோடை விடுமுறை போதும், காய்ந்து கதை முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது கோட்டில் செங்குத்தாகக் குச்சி முளைத்தால், முன்வரிசைப் பெண் ஒருத்தி பீக்கரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளி பொய்" என்று நோட்டில் அடித்துவிடுகிறாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தோழிக்கு என் பதில்: வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு மேசைக்கு ஒன்றாக ஆல்கஹால் வெப்பமானி வாங்கிப் போடுங்கள். என் பெட்டியை மட்டும் இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன்.