வீட்டில் மருத்துவச்சியா, சுகாதார நிலையமா? என் இரண்டாவது பேறுகாலம்

நாள் நெருங்க மூன்று வாரம் இருக்கும்போது அத்தை கேட்டார்: "எதுக்குத்தா ஆஸ்பத்திரி? மருத்துவச்சியம்மா இன்னும் திடமாத்தான இருக்காக." அத்தைக்கு நாலு பிள்ளைகளும் வீட்டில்தான் பிறந்தன. உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊரில் அவர் வயதுப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

செலவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தில் பிரசவம் இலவசம். தகுதி உள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு முத்துலெட்சுமி ரெட்டி நிதியுதவியும் உண்டு. ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய்.

வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழே கிடைக்காது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் 21 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். நிலையத்தில் பிறந்தால் அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் நம் மாநிலத்தில் சான்றிதழுக்கு பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) எண்ணைக் கேட்பார்கள். அதனால் எங்கே பெறுவதாக இருந்தாலும் கர்ப்பம் தெரிந்ததுமே கிராமத்து நர்சம்மாவிடம் பதிந்துவிடுங்கள்.

என் முடிவுக்குக் காரணம் வேறு. பிள்ளை பிறந்த பிறகு வரும் உதிரப்போக்கு.

கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். சில பேருக்கு அது தளர்ந்தே கிடக்கும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் பிரசவம் சுகமாக முடிந்தவளுக்கும் வரலாம். நிலையத்தில் குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் போட்டார்கள். இளங்கொடி விழுந்ததும் நர்ஸ் அடிவயிற்றில் கை வைத்து, "கல்லு மாதிரி ஆயிருச்சு பாருங்க" என்று என் கையையும் எடுத்து அங்கே வைத்தார். உருண்டையாக, கெட்டியாக இருந்தது. அந்த ஊசி மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மருத்துவச்சியின் கை எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும், வீட்டுக் கூடத்தில் அந்த ஊசி இல்லை.

ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போனால் ஆரம்ப சுகாதார நிலையமும் போதாது. அங்கிருந்தும் 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஏற்றுவார்கள். ஆனால் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் வண்டி ஏறுவதும், வீட்டில் துணியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் 108-க்கு போன் போடுவதும் ஒன்றல்ல. மதுரை ராஜாஜி மருத்துவமனை எங்களுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

வீட்டுப் பிரசவத்தை நான் அனுபவித்ததில்லை. அத்தை சொல்லக் கேட்டதுதான்: உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் குந்தியிருந்தது, இடுப்பில் விளக்கெண்ணெய் தேய்த்த கை, அவசரப்படுத்தாத குரல். நிலையத்தில் பெரும்பாலும் மல்லாந்து படுக்கத்தான் சொன்னார்கள். அந்த விஷயத்தில் வீடுதான் மேல் என்று எனக்கும் படுகிறது. என் இரண்டு பிரசவமும் சிக்கலில்லாதவை. ஆபரேஷன் வரை போனவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஒரு காலத்தில் அரசாங்கமே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தது: சுத்தமான கை, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல் என்று. அப்புறம் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றானபோது அந்தப் பெண்கள் ஓரமாக நின்றுவிட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான். அரசு நிலையங்களில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். நான் அத்தையிடம் சொல்லி மருத்துவச்சியம்மாவையே கூட்டிப் போனேன். வலி நேரம் முழுக்க இடுப்பை நீவிவிட்டார். ஊசி போட்டதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் அத்தையிடம் ஒரு பெண்ணின் பேரைச் சொன்னாராம். பல வருஷத்துக்கு முந்தி அவர் பேறுகாலம் பார்த்த பெண்; விடியும் வரை ரத்தம் நிற்கவில்லை.

துணையாக யாரைக் கூட்டி வருகிறீர்கள் என்று நர்சிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வலி எடுத்த பிறகு வாசலில் நின்று பேச நேரமிருக்காது.