கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குத் தடித்த ஒயர்: காசுக்கு ஏற்ற சத்தம் வருமா?

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ ஸ்பீக்கர் ஒயர் கேட்டால், கண்ணாடி உறைக்குள் செம்பு மின்னும் தடித்த ஒயரை எடுத்துப் போடுவார்கள். பார்க்க ஜோர்தான். ஆனால் ஜோடியில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வால்யூம் திருகு இருந்தால் ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து அடுத்த ஸ்பீக்கருக்குப் போகும் துண்டுக்கு மட்டுமே இந்த ஒயர் பொருந்தும். கம்ப்யூட்டரிலிருந்து வரும் 3.5 மி.மீ. பின் ஒயரில் தடிமனுக்கு வேலையே இல்லை.

1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். 2 மீட்டர் தள்ளி வைத்தால் போக வர 4 மீட்டர், மொத்தம் 0.07 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் சத்தத்தில் இழப்பு 0.15 டெசிபல் (சத்தத்தின் அளவு), எந்தக் காதுக்கும் பிடிபடாது. பெட்டியோடு வரும் 0.2 ஸ்கொயர் எம்எம் நூல் ஒயரில் அது 0.7 டெசிபல். வால்யூமைத் துளி கூட்டினால் ஏறக்குறைய சரியாகிவிடும். மேசைக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் வாங்குவது தண்டச்செலவு.

வாங்குவதானால் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம்; மின்தடை ஒன்றரை மடங்கு, நாலு தடவை மடக்கினால் இழைகள் ஒடியும். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. கிடைத்தால் விடாதீர்கள், கடலோர ஊருக்கு அதுதான் தோது.

ஏனென்றால் இங்கே ஒயரைக் கெடுப்பது உப்புக்காற்றுதான். கிளிப்பில் செருகிய முனை கறுத்து, பச்சை பூத்து, கரகரவென்று இரையும். ஒரு பக்கம் விட்டு விட்டுப் பாடும். 'புது ஒயர் போட்டதும் தெளிவாயிடுச்சு' என்பதில் பாதிக்கு மேல் புதிதாகச் சீவிய முனையின் புண்ணியம். பழைய ஒயரிலேயே அதைச் செய்யலாம். கரண்டை நிறுத்திவிட்டு முனையை ஒரு அங்குலம் வெட்டுங்கள். உறைக்குள்ளும் கறுப்பு ஓடியிருந்தால் பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டவேண்டும். 10 மி.மீ. சீவி, இறுக முறுக்கிச் செருகுங்கள். பிரிந்த ஒற்றை இழை பக்கத்துக் கிளிப்பைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் ஐசி (சிப்) போய்விடலாம். ஜோடி ஒயரில் கோடு போட்டது இரண்டு முனையிலும் சிவப்புக் கிளிப்புக்கே போகட்டும்; ஒரு முனை மாறினாலும் பாஸ் (அடித்தொனி) மெலிந்து, நடுவில் கேட்கவேண்டிய குரல் சிதறும். பின் வைத்து வார்த்த ஒயரானால் வெட்டாமல் பின்னை மட்டும் துடையுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்கு எந்த ஒயரும் மருந்தல்ல. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால் எர்த் வழியாக வரும் கோளாறு. 3.5 மி.மீ. ஒயருக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வழி இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பெட்டி) மாட்டினால் அடங்கும். சார்ஜர் இல்லாமலும் மவுஸை அசைக்கும்போது கீச்சென்றால் கம்ப்யூட்டரின் ஆடியோ பாகத்தில்தான் வினை. ஒயருக்கு எடுத்து வைத்த காசில் சின்ன யூஎஸ்பி டாக் (DAC, யூஎஸ்பியில் செருகும் வெளி ஆடியோ கருவி) வாங்கிவிடுங்கள்.